தெருத் தானுந்து

தெருத் தானுந்து என்பது விரைவுக்காக மாற்றியமைக்கப்பட்டு, அம்மாற்றங்களுக்குப் பின்னரும் பொதுச் சாலையில் எண் பலகையுடன் ஓட்டப்படும் தானுந்தைக் (கார்) குறிக்கும். இச்சொல் ஐக்கிய அமெரிக்காவின் தானுந்து ஆர்வலர்களிடையே வழங்குவது. தெருவில் பதித்த தண்டவாளத்தில் ஓடும் டிராம் வண்டியையும் அமெரிக்கர் இதே பெயரால் அழைப்பதுண்டு. இக்கட்டுரை அதனைப் பற்றியதன்று.

ஒரு வண்டி தெருத் தானுந்தா, அல்லது எண் பலகை மாட்டிய பந்தய வண்டியா என்பது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வழக்கு. சட்டம் இதற்கு ஒரு விடை தருகிறது. பந்தய அமைப்புகளின் விதி நூல்கள் மற்றொரு விடை தருகின்றன. இவ்விரண்டையும் நிறைவு செய்தும் சாலையில் ஐம்பது மைல் ஓட இயலாத வண்டிகள் பல உள்ளன என்பதே சிக்கல். விளக்கு, துடைப்பான், எண் பலகை ஆகியவற்றை எந்த வண்டியிலும் பொருத்திவிடலாம். வெப்பத்தையும் தொலைவையும் போக்குவரத்து நெரிசலையும் தாங்கும் தன்மையை அவ்வாறு பொருத்த முடியாது.

தோற்றம்

தொடக்கத்தில் இப்பாகுபாடே இருக்கவில்லை. 1930களில் தென் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ வண்டிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, அவற்றின் பொறிகளைத் (எஞ்சின்) திருத்தி விரைவு கூட்டினர். 1932 இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட வி-8 பொறியைப் பொதுமக்கள் வாங்கக்கூடிய விலையில் வெளியிட்டது. 221 கன அங்குலக் (3.6 லிட்டர்) கொள்ளளவு கொண்ட அப்பொறி 65 குதிரைத்திறன் அளித்தது. இன்று சிறிய வண்டிகளும் இதனை எளிதில் தாண்டிவிடும் என்றாலும், அன்று மலிவு விலையில் இவ்வளவு ஆற்றல் கிடைப்பது புதுமையாக இருந்தது.

இவ்வண்டிகளை ஓட்டிப் பார்க்க ஏற்ற இடமாக அமைந்தவை மொஹாவி பாலைவனத்தின் வறண்ட ஏரிப் படுகைகள். லாஸ் ஏஞ்சலசிலிருந்து ஏறத்தாழ 100 மைல் தொலைவில் இருந்த மியூராக் ஏரிப் படுகை அவற்றுள் புகழ்பெற்றது. இளைஞர்கள் தம் வண்டியிலேயே அங்குச் செல்வர். சென்றதும் மட்கார்டு, முகப்பு விளக்கு, முன் கண்ணாடி முதலியவற்றைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நேரம் கணிக்கப்படும் பாதையில் வண்டியை விரைந்து ஓட்டுவர். மாலையில் கழற்றியவற்றை மீண்டும் பூட்டி, அதே வண்டியில் வீடு திரும்பி, மறுநாள் வேலைக்கும் அதிலேயே செல்வர். ஹாட் ராட் எனப்பட்ட இவ்வண்டிகளுக்கு வீடு, சாலை, பந்தயம் மூன்றும் ஒன்றே. 1937 இல் இப்போட்டிகளை ஒழுங்குபடுத்தத் தென் கலிபோர்னியா நேரக் கணிப்புச் சங்கம் தோன்றியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரச் சாலைகளில் இளைஞர்கள் பந்தயம் ஓட்டுவது பெரும் இடராக வளர்ந்தது. ஹாட் ராட் என்ற பெயரே செய்தித்தாள்களில் குற்றச் சொல்லாக மாறியது. 1948 சனவரியில் ராபர்ட் பீட்டர்சன் தொடங்கிய 'ஹாட் ராட்' இதழும், அதன் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ் 1951 இல் நிறுவிய தேசிய ஹாட் ராட் சங்கமும் இந்நிலையை மாற்ற முயன்றன. தெருவில் ஓட்டுவோரைத் தெருவிலிருந்து அகற்றி, மூடிய பாதைக்குக் கொண்டு வருவதே அவர்களின் திட்டம். 1950 இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் ஒரு விமானத் தளத்தில் கட்டணம் பெற்று நடத்தப்படும் டிராக் பந்தயத் தடம் திறக்கப்பட்டிருந்தது. நின்ற நிலையிலிருந்து கிளம்பி, கால் மைல் (402 மீட்டர்) நேர்கோட்டை யார் குறைந்த நேரத்தில் கடப்பது என்பதே டிராக் பந்தயம். சங்கத்தின் முதல் தேசியப் போட்டி 1955 இல் கான்சஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் நகரில் நடந்தது.

இம்முயற்சி வெற்றி பெற்றது. ஆனால் அதன் விளைவாகவே தெருத் தானுந்தும் பந்தய வண்டியும் பிரிந்தன. கால் மைலை மட்டும் கடந்தால் போதும் என்ற நிலையில், அதற்குத் தேவையற்ற ஒவ்வொன்றும் வெறும் சுமையாகிறது. மேல்கூடு இல்லாமல் சட்டத்தின் மேல் பொறியும் இருக்கையும் மட்டும் கொண்ட வண்டிகள் தோன்றின. அவற்றைச் சாலையில் ஓட்ட முடியாது என்பதால் இழுவை வண்டியில், அதாவது டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்தனர். அன்று முதல் ஆர்வலர்களின் பேச்சில் டிரெய்லர் ஓர் அடையாளமாயிற்று. வண்டி தானே ஓடி வந்ததா, தூக்கி வரப்பட்டதா என்பதே அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி.

சட்டம் தரும் விடை

அமெரிக்காவில் 1966 ஆம் ஆண்டின் தேசியப் போக்குவரத்து மற்றும் மோட்டார் ஊர்திப் பாதுகாப்புச் சட்டம் விளக்கு, தடை, கண்ணாடி முதலியவற்றுக்கான தரங்களை வகுக்க வழிசெய்தது. இத்தரங்கள் முதன்மையாகப் புதிய வண்டிகளைத் தயாரிப்போரையும் விற்போரையும் கட்டுப்படுத்துபவை. விற்கப்பட்டுச் சாலைக்கு வந்துவிட்ட வண்டியைப் பதிவு செய்வதும் சோதிப்பதும் மாநிலங்களின் பொறுப்பு. ஆகவே ஒரே வண்டி ஒரு மாநிலத்தில் தடையின்றி ஓடும்; எல்லை தாண்டினால் குற்றமாகும். சில மாநிலங்கள் ஆண்டுதோறும் வண்டியைச் சோதிக்கின்றன. வேறு சிலவற்றில் அத்தகைய சோதனையே இல்லை.

புகை தொடர்பான சட்டம் இதைவிடக் கடுமையானது. 1970 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தங்களையொட்டி, 1975 மாதிரி ஆண்டு முதல் பெரும்பாலான புதிய வண்டிகளில் புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கி மாற்றி இடம்பெற்றது. அதனைக் கழற்றுவது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். கலிபோர்னியாவில் புகை அமைப்பைப் பாதிக்கும் எந்த உதிரிப் பொருளுக்கும் அம்மாநிலக் காற்றுவள வாரியத்தின் விலக்கு ஆணை எண் இருத்தல் வேண்டும். 1975 மற்றும் அதற்கு முந்தைய மாதிரி ஆண்டு வண்டிகளுக்கு அங்குக் காலமுறைப் புகைச் சோதனை கிடையாது. பழைய மேல்கூடுகளுக்கு ஆர்வலர்களிடையே விலை ஏறியதற்கு அழகு மட்டும் காரணமன்று.

சட்டத்தின் விடை இவ்வாறு பதிவு, விளக்கு, புகை, ஓசை என்பதோடு நின்றுவிடுகிறது. பிறருக்கு இடையூறின்றி வண்டி சாலையில் இருக்கலாமா என்பதே சட்டத்தின் கவலை. அவ்வண்டி சாலைக்கு ஏற்றதா என்பது வேறு கேள்வி.

சாலை கேட்பவை

கால் மைல் ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்நேரத்திற்குள் பொறி பெரிதாகச் சூடேறுவதில்லை. ஆகவே பந்தயப் பொறியின் வார்ப்பில் நீர் ஓடும் இடைவெளிகளைச் சிமெண்டு போன்ற கலவையால் அடைத்து, உருளைச் சுவர்களுக்கு வலுவேற்றுவர். முற்றிலும் அடைத்த பொறியைக் கோடை வெயிலில் சிவப்பு விளக்குக்கு முன் நிறுத்தினால் சற்று நேரத்தில் கொதித்துவிடும். தெருவுக்குரிய பொறிக்கு நிற்கும்போதும் வெப்பத்தை அகற்றும் ரேடியேட்டர், விசிறி, நீர் ஏற்றி ஆகியவை தேவை. ஓடும்போது காற்று தானே வரும், நிற்கும்போது வராது. பல வண்டிகள் நெடுஞ்சாலையில் நன்றாக ஓடி, நகரத்துக்குள் நுழைந்ததும் தோற்பது இதனால்தான்.

மின்னாற்றலும் இத்தகையதே. பந்தய வண்டி மின்கலத்தை மட்டும் நம்பிக் கால் மைல் ஓடிவிடும். சாலையில் இரவில் விளக்கும், விசிறியும், எரிபொருள் ஏற்றியும் ஒருங்கே இயங்கினால், மின்னாக்கி இல்லாத வண்டியின் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும்.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டைத் தேர்வதில் சமரசம் தவிர்க்க இயலாதது. வால்வுகள் நெடுநேரம் திறந்திருக்குமாறு வடித்த தண்டு உயர் சுழற்சியில் மிகுந்த ஆற்றல் தரும். ஆனால் குறைந்த சுழற்சியில் உள்ளிழுப்பு வால்வும் வெளியேற்று வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் கூடுவதால், வண்டி நின்றிருக்கையில் பொறி தடுமாறித் துள்ளும். கேட்பதற்கு இவ்வோசை இனிது என்பார் பலர். எனினும் அதே காரணத்தால் உள்ளிழுப்புக் குழாயில் வெற்றிடம் குறைகிறது. பெரும்பாலான வண்டிகளில் பிரேக்குக்குத் துணை வலு தருவது இவ்வெற்றிடமே. ஆகவே பொறியின் ஆற்றல் கூடியபோது வண்டியை நிறுத்தும் திறன் குறைந்துபோன நிலை ஏற்படும்.

அடுத்தது எரிபொருள். அமெரிக்க எரிபொருள் நிலையங்களில் கிடைக்கும் உயர்வகைப் பெட்ரோல் பெரும்பாலும் 91 முதல் 93 ஆக்டேன் கொண்டது. 13-க்கு 1 அல்லது அதற்கு மேற்பட்ட அமுக்க விகிதம் கொண்ட பந்தயப் பொறியில் இது உரிய நேரத்திற்கு முன்பே வெடித்து உந்துதண்டைச் சிதைக்கும். அத்தகைய பொறி பந்தயத் தடங்களில் விற்கப்படும் எரிபொருளைத் தேடியே செல்ல வேண்டும். எத்தனால் கலந்த இ-85 எரிபொருள் பரவியது ஓரளவு வழிவிட்டது. அது குளிர்ச்சியாக எரியும், விலையும் குறைவு. ஆனால் ஆற்றல் அடர்த்தி குறைவு என்பதால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாகச் செலவாகும். மேலும், பெயரில் 85 இருந்தாலும், விற்கப்படும் கலவையில் எத்தனால் பருவத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப 51 முதல் 83 விழுக்காடு வரை மாறுபடும். நேற்று நிரப்பியதற்கு ஏற்பத் திருத்திய பொறி இன்று நிரப்பியதில் பிழையாக ஓடக்கூடும். கலவையை உணரும் கருவியும் மின்னணு எரிபொருள் செலுத்தலும் இவ்வகை வண்டிகளில் இடம்பிடித்ததற்கு இது ஒரு காரணம்.

பல்லிணை விகிதத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். பின் அச்சில் 4.56 விகிதமும், 28 அங்குல உயரமுள்ள டயரும் கொண்ட வண்டி, நேரடி இணைப்புள்ள உச்சக் கியரில் மணிக்கு 65 மைல் (105 கிலோமீட்டர்) செல்லும்போது அதன் பொறி நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,560 முறை சுழலும். கால் மைலுக்கு இது சிறப்பு. 200 மைல் பயணத்துக்கோ ஓட்டுநரின் காதும் எரிபொருள் தொட்டியும் ஒருசேர வற்றும். ஓவர்டிரைவ் எனப்படும் 0.70 விகிதக் கியர் ஒன்று கூடுதலாக இருந்தால் அதே விரைவில் சுழற்சி 2,490 ஆகத் தாழும். தொழிற்சாலைத் தயாரிப்புகளில் ஓவர்டிரைவ் பரவிய 1980களுக்குப் பின்னரே, விரைவும் நெடும்பயணமும் ஒரே வண்டியில் எளிதாகக் கூடின.

பின் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும் அமைப்பு நேர்கோட்டில் உதவும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடக் கூடுதல் தொலைவு செல்ல வேண்டும் என்பதால் டயர் தேய்ந்து, அச்சு முறுக்குண்டு, நாளடைவில் களைத்து முறியும். வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர் உலர்ந்த தடத்தில் ஒட்டிக்கொள்ளும்; மழைநீரில் மிதக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக, மென்மையான ரப்பரும் சாலைத் தகுதிக்குரிய குறியீடும் கொண்ட டிராக் ரேடியல் டயர்கள் 1990களில் விற்பனைக்கு வந்தன. அவற்றின் பள்ளங்கள் ஆழமற்றவை. மழையில் அவற்றை நம்பி விரைவாக ஓட்டுவது அறிவுடைமை அன்று.

காப்புக் கூண்டு

ஓட்டுநரைச் சுற்றி எஃகுக் குழாய்களால் அமைக்கப்படும் காப்புக் கூண்டு பற்றித் தனியே கூற வேண்டியுள்ளது. தேசிய ஹாட் ராட் சங்கத்தில் நெடுங்காலம் நிலவிய விதிப்படி, கால் மைலை 11.49 நொடி அல்லது அதற்குக் குறைந்த நேரத்தில் கடக்கும் வண்டிக்குக் காப்பு வளைவும், 9.99 நொடி அல்லது அதற்குக் குறைந்த நேரத்தில் கடக்கும் வண்டிக்கு முழுக் கூண்டும் கட்டாயம். பின்னாளில் வந்த புதிய தொழிற்சாலை வண்டிகளுக்கு இவ்வரம்பு தளர்த்தப்பட்டது.

பந்தயத்தில் ஓட்டுநர் தலைக்கவசம் அணிந்து, பலமுனை வார்ப்பட்டையால் இருக்கையோடு கட்டப்பட்டிருப்பார். அங்குக் கூண்டு உயிரைக் காக்கும். தெருவில் தலைக்கவசம் அணிவதில்லை. சிறு மோதலிலும் தலை பக்கவாட்டில் வீசப்பட்டு, ஓர் அடி தொலைவிலுள்ள எஃகுக் குழாயில் மோதக்கூடும். ஆகப் பந்தயத்தில் காப்பது தெருவில் கொல்லலாம். குழாய்களின் மேல் சுற்றப்படும் அடர்ந்த நுரை இவ்விடரைக் குறைக்குமே தவிர நீக்காது. பின் இருக்கையில் குழந்தைகளை அமர்த்தும் வண்டிக்கு முழுக் கூண்டு பொருத்துவதைப் பலர் தவிர்ப்பதும், அதனால் தம் வண்டியின் விரைவுக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்வதும் உண்டு.

தோற்றமும் வகுப்பு விதிகளும்

1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் புரோ ஸ்ட்ரீட் என்ற பாணி பரவியது. பின்சட்டத்தைக் குறுக்கி, மேல்கூட்டுக்குள் பெருந்தொட்டிகள் அமைத்து, மிக அகன்ற பந்தய டயர்களை உள்ளடக்குவதும், முன்மூடியைத் துளைத்துக் காற்றழுத்தி வெளியே நிற்பதும் இதன் அடையாளங்கள். தொடக்கத்தில் இவற்றுள் பல சாலையில் ஓடின. நாளடைவில் கண்காட்சிப் பரிசுக்காகவே கட்டப்பட்டவை மிகுந்து, தெரு என்ற பெயர் தாங்கிய வண்டிகள் டிரெய்லரிலேயே பயணம் செய்தன. இதற்கு எதிர்வினையாக 1995 இல் ஹாட் ராட் இதழ் பவர் டூர் என்ற நெடும்பயணத்தைத் தொடங்கியது. அவ்வாண்டில் அது லாஸ் ஏஞ்சலசிலிருந்து ஒகையோ மாநிலத்தின் நார்வாக் வரை சென்றது. பந்தயம் இல்லை, பரிசுப் போட்டி இல்லை. வண்டியை ஓட்டிச் சென்றால் போதும்.

மறுபுறம், மிக விரைவான தெருத் தானுந்து எது எனக் காணும் பந்தயங்கள் 1990களில் பெருகின. அமைப்பாளர்கள் தெருத் தன்மையைப் பட்டியலால் வரையறுத்தனர்: எரியும் விளக்கு, எண் பலகை, தொழிற்சாலை மேல்கூடு, டயர் அகல வரம்பு. பட்டியல் எதுவாயினும் அதன் சொல்லை நிறைவேற்றிப் பொருளை விட்டுவிடும் வழி கண்டறியப்பட்டது. 10.5 அங்குல டயரை வரம்பாகக் கொண்ட வகுப்பு இதற்கு நல்ல சான்று. பெயரில் 10.5 என்ற எண்ணைத் தாங்கி, உண்மையில் அதைவிட அகன்ற தரைபடு பரப்புக் கொண்ட டயர்கள் அவ்வகுப்புக்கு வந்து சேர்ந்தன. சில ஆண்டுகளில் அவ்வகுப்பின் வண்டிகள் குழாய்ச் சட்டத்தால் ஆன முழுப் பந்தய வண்டிகளாகிவிட்டன. பட்டியலைக் கொண்டு ஏமாற்றியோரைக் குறைகூறுவதில் பயனில்லை. பந்தயத்தில் விதி நூலை எழுத்தெண்ணிப் படிப்பதே திறமை எனக் கருதப்படும்.

டிராக் வீக்

2005 இல் ஹாட் ராட் இதழ் தொடங்கிய டிராக் வீக் என்னும் போட்டி, பட்டியலைச் சுருக்கித் தொலைவைச் சோதனையாக்கியது. ஐந்து நாட்கள் நடைபெறும் இதில், நாள்தோறும் ஒரு தடத்தில் கால் மைல் ஓட்டி நேரச் சீட்டைப் பெற வேண்டும். பின்னர் அதே வண்டியை அடுத்த தடம் வரை பொதுச் சாலையில் ஓட்டிச் செல்ல வேண்டும். வாரத்தின் மொத்தச் சாலைத் தொலைவு ஏறத்தாழ 1,000 மைல். நெடுஞ்சாலையில் நேரே சென்றுவிடாமல், சிற்றூர்கள் வழியாக வகுக்கப்பட்ட பாதையில் குறிப்பிட்ட இடங்களில் வண்டியைப் படம் எடுத்துக் காட்டுதல் வேண்டும். துணை வண்டி பின்தொடரக் கூடாது. உதிரிப் பொருட்களையும் கருவிகளையும் வண்டியிலோ, அது இழுக்கும் சிறு டிரெய்லரிலோ தாமே சுமந்து செல்ல வேண்டும். பந்தய வண்டியைத் தூக்கிவந்த டிரெய்லர் இங்குப் பந்தய வண்டியால் இழுக்கப்படுவது வேடிக்கையான மாற்றம். ஐந்து நாட்களின் நேரங்களைச் சராசரி கண்டு வெற்றி முடிவு செய்யப்படுகிறது.

இம்முறையில் ஏமாற்றுவது எளிதன்று. குளிர்விக்கும் அமைப்பைக் கழற்றி எடையைக் குறைத்தவர் மாலையில் சாலையோரம் நிற்பார். வலுமிகுந்த வால்வுச் சுருள்களைப் பொருத்தியவர், குறைந்த சுழற்சியில் எண்ணெய் போதாமல் சிற்றுருளைகள் தேய்வதைக் காண்பார். ஒவ்வோர் ஆண்டும் கணிசமானோர் ஐந்தாம் நாளை எட்டுவதில்லை. எட்டுவோரில் பலர் இரவில் எரிபொருள் நிலைய விளக்கொளியில் கியர் பெட்டியை இறக்கி ஏற்றியவர்கள். விரைவில் முதலிடம் பெறாத வண்டிகளும் இங்கு மதிக்கப்படுவது இதனால்தான்.

எனினும் இச்சோதனையும் எல்லையை ஐயத்திற்கிடமின்றி வரையவில்லை. டர்போ சுழலிகளும் மின்னணுக் கட்டுப்பாடும் வளர்ந்தபின், சாலையில் அமைதியாகவும் தடத்தில் கொடூரமாகவும் இயங்கும் பொறிகளை அமைக்க முடிந்தது. மெல்ல ஓட்டும்போது டர்போ அழுத்தம் தருவதில்லை. பொறி சாதுவாக இருக்கும். டிராக் வீக்கில் பல முறை வென்ற லாரி லார்சன், 2014 இல் தம் செவர்லே எஸ்-10 சிறு சரக்குந்தால் கால் மைலை 6 நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்தார். எண் பலகை கொண்ட வண்டி அந்நேரத்தை எட்டியது அதுவே முதல் முறை எனப் பாராட்டப்பட்டது. அதனைத் தெருத் தானுந்து என ஏற்போர் அது ஓடிய ஆயிரம் மைல்களைச் சுட்டுவர். மறுப்போர், அதில் ஏறி யாரும் கடைக்குப் போவதில்லை என்பர். இரு தரப்பும் சொல்வது உண்மையே. இதே வடிவில் வேறு போட்டிகளும் தோன்றியுள்ளன. டிராக் வீக்கில் வென்ற டாம் பெய்லி 2022 இல் தொடங்கிய சிக் வீக் அவற்றுள் ஒன்று.

பிற நாடுகளில்

செருமனியில் மாற்றியமைத்த பொருட்கள் ஒவ்வொன்றும் ஏற்பிசைவு பெற்றிருத்தல் வேண்டும். இல்லையேல் அங்கீகரிக்கப்பட்ட சோதனையாளர் வண்டியைப் பார்த்து, மாற்றத்தை ஆவணத்தில் பதிய வேண்டும். சப்பானில் புதிய தானுந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் சாக்கென் எனப்படும் சோதனைக்கு உட்படும். 1995 இல் விதிகள் தளர்த்தப்பட்ட பின்னர் அங்கு மாற்றியமைப்புத் தொழில் விரிந்தது.

பிரித்தானியாவின் முறை வேறுவிதமானது. அங்கு முற்றிலும் மாற்றிக் கட்டிய வண்டி தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ள, மூல வண்டியின் பாகங்களால் எட்டுப் புள்ளிகளாவது பெற வேண்டும் என்ற விதி வகுக்கப்பட்டது. சட்டம் அல்லது சட்டமும் மேல்கூடும் ஒன்றான அமைப்புக்கு ஐந்து புள்ளிகள். அதிர்வு தாங்கும் அமைப்பு, அச்சுகள், கியர் பெட்டி, திசைதிருப்பி ஆகியவற்றுக்குத் தலா இரண்டு. ஆர்வலர்கள் பெரும்பொருள் செலவிடும் பொறிக்கு ஒரே ஒரு புள்ளி.